இரண்டு சிற்றருவிகள்

இன்று காலை உன் லேப்டாப் பையின் ஜிப்பைத் திறந்தேன். ஸ்பிரிட் வாசனை வந்தது. ஊசி குத்துமுன் பஞ்சில் நனைத்துக் கையில் தேய்ப்பார்களே, அதே வாசனை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. பை என் வீட்டுப் பீரோவுக்கு மேல் கிடந்து, இந்தச் சாரலில் ஓரமெல்லாம் பூசணம் பிடித்துவிட்டது. ஆனாலும் அந்த வாசனை போகவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், மேலகரத்து டயாலிசிஸ் சென்டரில் உன் மடியில் கிடந்த பை அல்லவா.

உன்னை நினைத்து அழுவதற்காக நான் இதைத் திறக்கவில்லை. இன்று மாலை நான்கு மணிக்குள் சென்டர் மேனேஜருக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை உன் புரோகிராம் அச்சடித்துக் கொடுத்த பட்டியலில் இருக்க வேண்டிய இரண்டு நட்சத்திரங்கள் இல்லை. அதனால் அங்கே வருகிற சுரண்டை முத்துலட்சுமிக்கு வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. ஏன் அப்படி நடந்தது என்று எழுத வேண்டும். மேனேஜர் நேற்றே போனில் வழி சொல்லிவிட்டார்.

“அக்கா, ரொம்ப வளக்காதீங்க. அவங்க எழுதின புரோகிராம் பழசு, கோளாறாயிட்டுன்னு ரெண்டு வரி போட்டுருங்க. அவங்களும் இப்ப இல்ல. யாருக்கும் வம்பில்ல பாருங்க.”

வம்பில்லைதான். நீ எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. சரி என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் பேனாவை எடுத்தால் அறிக்கை வரவில்லை, இதுதான் வருகிறது. முதலில் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்தே நம் இருவருக்கும் வேலைப் பங்கீடு இருந்தது. நான் செய்வேன், நீ பயப்படுவாய். தென்காசியில் அந்த மாடி அறையை எடுத்து, இரண்டு பெண்கள் சேர்ந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று பலகை மாட்டியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. நான் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுக்குமுன் நீ, “பிளக்கப் புடுங்கிட்டியாட்டி?” என்பாய். புடுங்கிவிட்டேன் என்றாலும் நம்ப மாட்டாய், மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பாய். கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நாலு படி இறங்கியதும் திரும்ப ஏறிப் போய் இழுத்துப் பார்ப்பாய். கீழே நின்று நான், “பயந்தாங்கொள்ளி, வாட்டி, பஸ் போகுது” என்று கத்துவேன். உன் பயத்தால் நாம் விட்ட பஸ்கள் கொஞ்சநஞ்சமா?

உன் சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது என்று தெரிந்த அன்றுகூட நீ முதலில் கேட்டது, ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தர வேண்டிய பிரிண்டரை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்றுதான். எனக்கு அப்போது வந்த எரிச்சல் உனக்குத் தெரியாது.

அந்த நாற்காலியில் உட்கார ஆரம்பித்த பிறகு உனக்கு இருந்தது ஒரு கை. இடது கையில் ஊசிகள், அதை அசைக்கக் கூடாது. வலது கையால் மட்டும், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுவாய். சென்டரில் யாருக்கு எந்த நாற்காலி, எவ்வளவு எடை, எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் நர்ஸுகள் நோட்டில் எழுதி, அடித்து, மேலே எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க உனக்கு உடம்பெல்லாம் அரித்தது என்று சொன்னாய். மூன்று வாரத்தில் ஒரு புரோகிராம் எழுதிவிட்டாய். கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டி என்டர் அடித்தால் அன்றைய பட்டியல் அச்சாகி வரும். நீ எழுதுகிற எல்லாவற்றுக்கும் குற்றாலத்து அருவிகளின் பெயர்தானே. அங்கே ஒரு லாட்ஜின் பில்லுக்குப் புலியருவி. இது சின்னது என்பதால் சிற்றருவி. தண்ணீரை டம்ளரில் அளந்து குடிக்க வேண்டியவளுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று நான் கேட்டதற்கு, “பேருலயாவது கொட்டட்டுமே” என்றாய்.

முதல் சிற்றருவியில் நட்சத்திரம் கிடையாது. அது வந்தது கீழப்பாவூர் அண்ணாச்சியால். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், உன் பக்கத்து நாற்காலி. டயாலிசிஸ் குழாயில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க எல்லோருக்கும் ஹெபாரின் ஊசி போடுவார்கள். உடம்பில் எங்காவது ரத்தக்கசிவு இருந்தால் அதைப் போடக் கூடாது. அண்ணாச்சிக்குக் கண்ணுக்குள் கசிவு. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு எங்கோ போய்விட்டது, நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டாள். நீதான் பக்கத்தில் இருந்து கத்தி நிறுத்தினாய். அன்று வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரில் என் முதுகில் உன் நெற்றி இடித்துக்கொண்டே வந்தது. நீ நடுங்கிக்கொண்டிருந்தாய்.

அடுத்த வாரமே இரண்டாவது சிற்றருவி தயார். ஹெபாரின் கூடாதவர் என்று நர்ஸ் முந்திய நாள் கம்ப்யூட்டரில் குறித்து வைத்தால், பட்டியலில் அவர் பெயருக்கு நேராகப் பெரிதாக ஒரு நட்சத்திரம் விழும். அதோடு விட்டாயா? அண்ணாச்சியிடம் போய், “அண்ணாச்சி, பேப்பர நம்பாதிய. நான் எழுதினதையும் நம்பாதிய. ஊசி கொண்டாந்தா என்ன ஊசின்னு கேட்டுட்டுக் கைய நீட்டுங்க” என்று சொன்னாய். எழுதினவளே நம்பாதே என்று சொல்கிற புரோகிராமை இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் எழுதியிருப்பாய். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

கம்ப்யூட்டரில் ஒரு பெயரைத் தட்டும்போது உண்மையில் ஓடுவது எது என்ற கேள்வியில் உனக்கு ஒரு வெறியே இருந்தது. கறுப்புத் திரையில் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருள்ள புரோகிராமை மெஷின் தேடிப் போகும். எந்தெந்தக் கோப்புறைகளில், எதற்குப் பிறகு எதில் தேட வேண்டும் என்று அதனிடம் எழுதி வைத்திருக்கும். அதற்குப் பாதை என்று பெயர். முதலில் எதில் அகப்படுகிறதோ அதை ஓட்டிவிடும். அதே பெயரில் இன்னொன்று பின்னால் இருந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. நம் கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் நீ இதைச் சந்தையை வைத்துத்தான் விளக்குவாய்.

“மாரியப்பான்னு கூப்பிட்டா பாவூர்சத்திரம் சந்தையில பத்துப் பேரு திரும்புவான். கீழப்பாவூர் மாரியப்பனா, சுரண்டை மாரியப்பனான்னு நாம கேப்போம்லா. மெஷின் கேக்காது. மொதல்ல கண்ணுல பட்டவனக் கையப் புடிச்சிக் கூட்டிட்டு வந்துரும்.”

அதனால் எதையும் ஓட்டுமுன் ஊர் கேட்க வேண்டும் என்பது உன் சட்டம். அந்தக் கேள்வியும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம். விண்டோஸ் தான் நிற்கிற கோப்புறையிலேயே முதலில் குனிந்து பார்க்கும், அங்கே இல்லாவிட்டால்தான் பாதையில் போகும். அதில் ‘வேர்’, அதாவது ஆங்கிலத்தில் எங்கே, என்று கேட்டால் அந்தப் பெயரில் கண்ணில் படுகிற அத்தனையையும் முன்பின்னாகச் சொல்லிவிடும். லினக்ஸ் காலடியில் கிடந்தாலும் எடுக்காது, பாதையில் இருந்தால்தான் உண்டு. அதனிடம் ‘விச்’, எது, என்று கேட்டால் முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். உன் அண்ணன் பெங்களூரிலிருந்து கொடுத்துவிட்ட மேக் கம்ப்யூட்டருக்கும் ஏறக்குறைய அதே குணம். “விண்டோஸ் வாயாடி, லினக்ஸ் அழுத்தக்காரி” என்று நீ சொன்னபோது, அப்போ நான் விண்டோஸ், நீ லினக்ஸ் என்றேன். அன்றைக்கு நீ சிரித்துச் சிரித்து, கையை அசைக்காதீங்க என்று நர்ஸ் வந்து சத்தம் போட்டாள்.

நீ போன பிறகு ஒரு மாதம் வரை என் ஸ்கூட்டர் மேலகரம் வந்ததும் தானாக உன் தெருவுக்குள் திரும்பியது. உன் வீட்டுக் கதவில் வேறு யாரோ துணி காயப் போட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில், வீட்டில் காபி கலக்கிக்கொண்டிருக்கும்போதே உன் இதயம் நின்றுவிட்டது. எந்தப் பட்டியலிலும் குறிக்க முடியாத காரணம். உன் வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சென்டரில் சொன்னேன். அவர்களும் சரி என்றார்கள்.

போன வாரம் சென்டரின் பழைய விண்டோஸ் மெஷின் படுத்துவிட்டது. எழுப்பினால் அரை மணி நேரம் ஓடும், மறுபடி படுத்துக்கொள்ளும். புதிய மெஷின் வாங்கி, லினக்ஸ் போட்டேன். நீ பைத்தான் மொழியில் எழுதியிருந்ததால் சிற்றருவி அதிலும் ஓடும். செவ்வாய்க்கிழமை காலை, முதல் ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது போய் உட்கார்ந்தேன். பழைய மெஷினில் ‘டயாலிசிஸ்’ என்ற கோப்புறையில் சிற்றருவி இருந்தது. எடுத்து, லினக்ஸின் பாதையில் ஒரு கோப்புறையில் வைத்து, நோயாளிகளின் பதிவுகளையும் மாற்றிவிட்டு, பெயரைத் தட்டினேன். பட்டியல் வந்தது. வெற்றி என்று பையை மூடப் போனேன்.

அப்போது உன் குரல் கேட்டது என்று சொல்ல ஆசைதான். கேட்கவில்லை. பழைய மெஷின் இன்னும் எழுந்து நிற்கிறதே, ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று சும்மாதான் ‘வேர்’ கேட்டேன். இரண்டு வரி வந்தது. இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்தது உன் பெயரில் இருந்த கோப்புறையிலிருந்து. நான் எடுத்து வைத்தது பின்னால் கிடந்த, நட்சத்திரம் இல்லாத பழைய சிற்றருவி.  உடனே புதியதை எடுத்து, லினக்ஸின் பாதையில் அதற்கும் முன்னால் வருகிற கோப்புறையில் வைத்தேன். ‘விச்’ கேட்டேன். புதியது இருக்கும் இடத்தைச் சரியாகச் சொன்னது. பழையது இருக்கட்டுமே, எதற்கும் உதவும் என்று அதை அழிக்கவில்லை. நம் வீடுகளில் பழைய மிக்சியைப் பரணில் போட்டு வைக்கிற புத்தி.

மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பிரிண்டரில் பேப்பர் தீர்ந்திருந்தது. குற்றாலத்து லாட்ஜிலிருந்து நாலு தடவை போன். சீசன் கூட்டம் ரிசப்ஷனில் வரிசையில் நிற்கிறது, பில் போட முடியவில்லை என்று. வழக்கமான நர்ஸ் விடுப்பில் இருந்தாள். அவளுக்குப் பதில் செங்கோட்டையிலிருந்து வந்திருந்த பிரின்சியிடம், திரையில் திறந்திருந்த கறுப்பு ஜன்னலைக் காட்டி, “பேப்பர் வச்சிட்டு இதுல சிற்றருவின்னு அடிச்சா லிஸ்ட் வரும்மா, ஜன்னல மூடிராத” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அடுத்த ஷிப்ட் பதினொன்றரைக்கு.

லாட்ஜ் மெஷினும் லினக்ஸ், நீ போட்டுக் கொடுத்தது. புலியருவியை இடமுள்ள வேறு கோப்புறைக்கு மாற்றி, பழையதை அழித்துவிட்டு, காலையிலிருந்து அது ஓடிக்கொண்டிருந்த அதே ஜன்னலில் பெயரைத் தட்டினேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று, அழித்த பழைய இடத்தைக் குறிப்பிட்டுப் பிழை வந்தது. அட லூசே என்று சிரித்தேன். எனக்கு இது தெரியும். நீ சொன்னதுதான்.

“ஒரு தடவ கண்டுபிடிச்ச எடத்த அந்த ஜன்னல் ஞாபகம் வச்சிக்கிடும்ட்டி. அடுத்த தடவ தேடாது, நேரா அங்கனதான் போகும். நீ புதுசா முன்னால கொண்டாந்து வச்சாலும் அதுக்குத் தெரியாது. ‘விச்’சக் கேட்டா அது புதுசாப் போய்த் தேடிப் பாத்துச் சொல்லும். ஓட்டுதது வேற ஆளுல்லா. ‘டைப்’புன்னு இன்னொரு கட்டள இருக்கு, அதுகிட்ட கேளு, அதுதான் உண்மையச் சொல்லும்.”

ஞாபகத்தை அழிக்கச் சொல்லும் கட்டளையைத் தட்டினேன். புலியருவி ஓடியது. ரிசப்ஷன்காரர் கைகூப்பினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலகரத்திலும் இதேதான். அந்த ஜன்னலில் நான் ஏற்கனவே ஒரு தடவை பழைய சிற்றருவியை ஓட்டியிருந்தேன். ஜன்னல் அந்த இடத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். பழையதை அழித்திருந்தால் இங்கே கத்தியதைப் போல அங்கேயும் கத்தியிருக்கும். அழிக்காததால் சத்தமே இல்லாமல் நட்சத்திரம் இல்லாத பட்டியலை அச்சடிக்கும். மணி பதினொன்று இருபது.

சென்டருக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. டயாலிசிஸ் ஆரம்பிக்கிற நேரத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று எனக்கே தெரியும். பிரின்சியின் நம்பர் என்னிடம் இல்லை. மேனேஜர் தென்காசியில் ஏதோ மீட்டிங்கில், போன் அணைத்து வைத்திருந்தார். ஸ்கூட்டரை எடுத்தேன்.

சாரலில், சீசனில், செவ்வாய்க்கிழமை என்றுகூடப் பார்க்காமல் ஜனம் வந்து குவிந்திருந்தது. வேன்கள், கேரளாப் பதிவெண் கார்கள், ஈரத் துண்டோடு நடுரோட்டில் நடக்கிற குடும்பங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிற ஒருவர் என் ஹாரனுக்குத் திரும்பி, “யம்மா, அருவி எங்கயும் ஓடிராது” என்றார். நான் அழுதுவிட்டேன். ஹெல்மெட் கண்ணாடியில் உள்ளே ஆவி, வெளியே தூறல், முன்னால் ஒன்றும் தெரியவில்லை. அண்ணாச்சியின் கண்தான் நினைவில் இருந்தது. ஹெபாரின் உள்ளே போனால் அந்தக் கண் என்ன ஆகும் என்று நீ ஒருநாள் விளக்கியிருந்தாய். மனது அதையே திரும்பத் திரும்ப ஓட்டியது. மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு எனக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று.

உள்ளே நுழையும்போதே அண்ணாச்சியின் சத்தம் கேட்டது.

“ஏம்மா, நீ பேப்பரப் பாக்க, நான் ஒங் கையப் பாக்கேன். அது என்ன ஊசின்னு சொல்லு. ஹெபாரின்னா எனக்குக் கெடயாது. ரெண்டு வருசமாக் கெடயாது.”

“லிஸ்டில ஸ்டார் இல்லல்லோ சார்,” என்றாள் பிரின்சி.  அரை மணி நேரமாக இந்தச் சண்டையாம். மருந்து ஏற்றிய ஊசி தட்டில் கிடந்தது.  அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், “வா தாயி, இந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லு” என்றார்.

நான் பட்டியலைப் பிடுங்கினேன். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. ஓடிப்போய் அந்த ஜன்னலில் ‘டைப்’ கேட்டேன். பழைய இடத்தைக் கூசாமல் சொன்னது. ஞாபகத்தை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். பிரிண்டர் இழுத்து இழுத்துத் துப்பிய தாளில் இரண்டு நட்சத்திரங்கள். ஒன்று அண்ணாச்சிக்கு. இன்னொன்று நான்காவது நாற்காலி, சுரண்டை முத்துலட்சுமிக்கு. காரணம்: நேற்று கடைவாய்ப் பல் பிடுங்கியது.

முத்துலட்சுமியை உனக்கு நம் கடை வாடிக்கையாகத்தான் தெரியும், சுரண்டையில் வளையல் கடை வைத்திருப்பவள், அப்போது அவளுக்கு இந்த நோய் இல்லை. நீ போன அன்று கடையைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். பல் பிடுங்கியதை முந்திய நாளே நர்ஸிடம் போனில் சொல்லி, அது குறிக்கவும் பட்டிருந்தது. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் அவளால் பேச முடியவில்லை. பட்டியலில் நட்சத்திரம் இல்லை, ஊசியும் போட்டாகிவிட்டது. நாங்கள் ஓடிப் பார்க்கும்போது தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கடைவாயிலிருந்து ரத்தம் கோடாக இறங்கி, சேலையின் தோள்பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. தூங்குகிறாள் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஹெபாரினை நிறுத்தினார்கள், அதை முறிக்கிற மருந்து போட்டார்கள், மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து நான் அவள் தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் பிடித்திருந்தேன். பஞ்சு மாற்ற மாற்றச் சிவந்தது. பிறகு கொஞ்சம் வெளுத்தது. அவள் ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், ஆறுதலுக்கு. நான்தான் காரணம் என்று அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு மணி நேரத்தைப் போல ஒன்றை நான் இனிமேல் வாழ முடியாது.

ரத்தம் முழுதாக நின்றபோது மணி மூன்று. பிழைத்துக்கொண்டாள். அண்ணாச்சிக்கு ஒன்றும் இல்லை, நீ சொல்லி வைத்திருந்ததால். முத்துலட்சுமிக்கு அதைச் சொல்லி வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. நீ போன பிறகு வந்து சேர்ந்த யாருக்குமே நான் சொல்லவில்லை. முத்துலட்சுமி அந்த நாற்காலிக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது.

நேற்று வியாழக்கிழமை அவள் மறுபடி வந்தாள். மேனேஜர் போன் பண்ணி வம்பில்லை என்று சொன்ன பிறகு. நான் போய் அவள் முன்னால் நின்று, தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். 

“நான் அந்த நர்ஸுப் பிள்ளையத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன். வீட்டுல எங்க வீட்டுக்காரரு, கம்ப்யூட்டர் எழுதினவ செத்துட்டா, யார்கிட்டப் போய்க் கேக்கன்னாரு. நீதானா?”

“ஆமா.”

“சரி. சனிக்கெழம நான் ஊசிக்குக் கைய நீட்டுததுக்கு முன்ன நீ வந்து பேப்பரப் பாத்துச் சொல்லு. சொன்னாத்தான் நீட்டுவேன்.”

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

அறிக்கைக்குத் தேதி பார்க்கத்தான் உன் லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டாவது சிற்றருவியை நீ எப்போது எழுதினாய் என்று பார்க்கும்போது, சென்டரின் பழைய பதிவுகளுக்கு நீ எடுத்து வைத்த பிரதியும் அதிலேயே இருந்தது. நீ உட்கார்ந்த ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வரி. முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுவிடாமல் பார்த்தேன். உன் பெயருக்கு நேராக ஒருநாள்கூட நட்சத்திரம் இல்லை. ஹெபாரின் உனக்கு ஒரு தொந்தரவும் செய்யவில்லை. அந்த நட்சத்திரத்துக்காக ஒற்றைக் கையால் ஒரு வாரம் தட்டினாயே, அதில் உனக்கு என்று ஒன்றுமே இல்லை. தன் உயிருக்குப் பயந்தவள் என்றுதான் உன்னை இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன். நீ ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம். உன் மேல் எனக்குக் கோபமாக இருக்கிறது.

மணி மூன்றே முக்கால். இதை எழுதுகிற நடுவில் அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டேன். புரோகிராமில் கோளாறு இல்லை, எழுதியவர் மேல் தவறு இல்லை, நர்ஸ் மேலும் இல்லை. பழைய பிரதியை அழிக்காமல், ஓட்டிப் பார்க்காமல் போனது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அஞ்சே நிமிடத்தில் போன் வந்தது.

“யோசிச்சுத்தான் எழுதினீங்களா அக்கா?”

“ஆமா.”

“அப்ப நாளைக்கு நீங்க வர வேண்டாம். மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்லுதேன்.”

நாளை சனிக்கிழமை. மெஷினைத் தொட விட மாட்டார்கள். பரவாயில்லை, பதினொரு மணிக்கே போய்க் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பேன். பிரின்சி பேப்பரைத் தூக்கிக் காட்டினால் போதும், எத்தனை நட்சத்திரம் என்று அங்கிருந்தே எண்ணிவிடுவேன். எண்ணிவிட்டு, மறுபடி ஒரு தடவை காட்டச் சொல்வேன்.  குடைக்குள் ஒருத்தி நின்று கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கேட்பதைப் பார்த்து யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் உன்னைப் பார்த்துச் சிரித்தது போலத்தான். உன் பயம் இப்போது என்னிடம் இருக்கிறதட்டி. இதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.